ஹீத்ரோவில் எந்த வரிசை உங்களுடையது? புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள்

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, குக்கர் எடுத்து வரலாமா என்று எல்லாம் கேட்பார்கள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பாஸ்போர்ட் சோதிக்கும் இமிக்ரேஷன் வரிசையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. இறங்கி நின்ற பிறகுதான் "அண்ணா, லைன் நகரவே மாட்டேங்குது, கோச் போயிடும் போல" என்று செய்தி வரும் (கோச் என்றால் இங்கே வெளியூர்ப் பேருந்து). அப்போது சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

எந்த வரிசை என்பதை உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான் முடிவு செய்கிறது. இங்கே பத்து வருடம் வரி கட்டி, ஐஎல்ஆர் என்ற நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்கி, வீட்டுக் கடனும் கட்டிக்கொண்டிருக்கும் இந்திய பாஸ்போர்ட்காரர் 'மற்ற எல்லா பாஸ்போர்ட்டுகளும்' என்ற பலகையின் கீழே போய் நிற்பார். சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அவருடைய அத்தை மகன், முதல் தடவையாக லண்டனைச் சுற்றிப் பார்க்க வருகிறவன், கைபேசியில் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, ஈ-கேட் என்ற தானியங்கிக் கதவில் முகத்தைக் காட்டிவிட்டுப் பெட்டி எடுக்கப் போய்விடுவான். பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சுவிட்சர்லாந்து, நார்வே போன்றவற்றோடு, 2019 மே மாதத்திலிருந்து ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், நியூசிலாந்து, சிங்கப்பூர், தென் கொரியா, அமெரிக்கா ஆகிய ஏழு நாட்டுக்காரர்களுக்கும் அந்தக் கேட் திறக்கும். இந்தியா, இலங்கை, மலேசியா பட்டியலில் இல்லை. இந்தியாவிலும் இப்போது சிப் வைத்த பாஸ்போர்ட் தருகிறார்கள், அதைக் காட்டினால் கேட் திறக்குமா என்று ஒரு தம்பி கேட்டார். திறக்காது. சிப் இருந்தாலும் நாடு பட்டியலில் இருக்க வேண்டும்.

இதில் கோபப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் கோபத்தை வரிசையில் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. பிரிட்டனின் எல்லைச் சோதனை அமைப்பான பார்டர் ஃபோர்ஸ் நெடுங்காலம் வைத்திருந்த இலக்கே ஐரோப்பியப் பயணிகளுக்கு 25 நிமிடம், மற்றவர்களுக்கு 45 நிமிடம் என்பதுதான். அதாவது எல்லாம் சரியாக நடந்தாலே உங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம் என்று அவர்களே கணக்குப் போட்டிருந்தார்கள். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பல விமானங்கள் ஒன்றாக வந்து இறங்கும் காலை நேரத்தில் இன்னும் கூடும். செப்டம்பரில் மாணவர் கூட்டம் வேறு. அதனால் இறங்கிய உடனே பிடிக்கிற மாதிரி மலிவான கோச் டிக்கெட் போடாதீர்கள். குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள், அல்லது அடுத்த வண்டியிலும் ஏறலாம் என்ற வகை டிக்கெட் எடுங்கள்.

வழியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிப் பிரச்சினையைத் தவிர்க்கலாம். மான்செஸ்டரிலோ பர்மிங்காமிலோ கிளாஸ்கோவிலோ படிக்கப் போகிறவர்கள் எதற்கு ஹீத்ரோ வருகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ஹீத்ரோவில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடித்தால் ஹீத்ரோவிலேயே பாஸ்போர்ட் சோதனை முடித்தாக வேண்டும். அந்த வரிசை உங்கள் அடுத்த விமானத்தைச் சாப்பிட்டுவிடும். துபாய் வழியாக வந்தால் நீங்கள் படிக்கப் போகும் ஊரிலேயே நேராக இறங்கி அங்கேயே சோதனையை முடித்துக்கொள்ளலாம். கூட்டமும் பொதுவாகக் குறைவு.

சரி, காகிதங்களுக்கு வருவோம். முன்பு வந்தவர்கள் சொல்லும் பல விஷயங்கள் காலாவதி ஆகிவிட்டன. விமானத்தில் லேண்டிங் கார்டு தருவார்கள், பேனா எடுத்து வை என்பார்கள்; அந்தக் கார்டை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள். வந்ததும் தபால் நிலையத்தில் பிஆர்பி என்ற வசிப்பு அனுமதி அட்டை வாங்க வேண்டும் என்பார்கள். அந்த அட்டைகள் 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டன. இப்போது எல்லாம் ஈ-விசா, அதாவது இணையக் கணக்கில் மட்டும் இருக்கும் விசா. 2025 ஜூலை நடுவிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வருகிற பெரும்பாலான முதன்மை விண்ணப்பதாரர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரே ஒட்டுவதில்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டினால் விசா இருக்காது, சென்னையில் அம்மா பதறுவார். யூகேவிஐ (பிரிட்டன் விசா துறை) இணையக் கணக்கில் நுழைந்து உங்கள் நிலை சரியாகத் தெரிகிறதா, எந்தப் பாஸ்போர்ட் எண் இணைந்திருக்கிறது என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் புது எண்ணைக் கணக்கில் ஏற்றாமல் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, முதல் தடங்கல் சென்னையில் விமான நிறுவனத்தின் கவுன்டரிலேயே வரும். உங்கள் விசா நிலையை மற்றவர்கள் சரிபார்க்க உதவும் ஷேர் கோட் ஒன்றை அதே கணக்கில் எடுத்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டும் என்பதில்லை. ஆனால் விமான நிலைய வைஃபை உங்களைக் கைவிடும் நேரத்தில் காகிதம் கைகொடுக்கும்.

கவுன்டரில் விரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். நீங்கள் விசாவுக்குக் கொடுத்த ரேகையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காக. கேள்விகள் பெரும்பாலும் எளிமையானவை: எங்கே படிக்கிறீர்கள், என்ன படிப்பு, எங்கே தங்குகிறீர்கள். மாணவர்கள் சேர்க்கைக் கடிதத்தையும், விசாவுக்காக எடுத்த காசநோய்ச் சோதனைச் சான்றிதழையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் பெட்டி அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நம்மில் சிலர் பதற்றத்தில் மாமா வீட்டுக் கதை வரைக்கும் போய்விடுகிறோம். அந்தக் கூடத்தில் போன் பேசவோ படம் எடுக்கவோ வேண்டாம், ஊழியர்கள் வந்து நிறுத்தச் சொல்வார்கள்.

அடுத்தது பெயர். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன், ஏனென்றால் இது நமக்கே உரிய சிக்கல். ஒரு சாதாரணத் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவருக்குக் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர். மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், அல்லது திருமணத்துக்குப் பிறகு மாற்றியிருந்தால் கணவர் பெயர். பிள்ளைகளுக்குக் கணவருடைய பெயர். நான்கு பேர் சேர்ந்து வந்தாலும், பாஸ்போர்ட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டு மூன்று வெவ்வேறு குடும்பங்கள் மாதிரித் தெரியும். குழந்தையோடு வருகிறவரின் கடைசிப் பெயர் வேறாக இருந்தால் உறவை நிரூபிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று பிரிட்டன் அரசின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. குழந்தைக் கடத்தலைத் தடுப்பதற்கான கேள்வி அது, உங்களை அவமானப்படுத்த அல்ல. குறிப்பாக அம்மா மட்டும் பிள்ளைகளோடு வரும்போது, அப்பா அம்மா பெயர் இரண்டும் உள்ள ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழ் கைப்பையில் கட்டாயம் இருக்கட்டும். அப்பா வரவில்லை என்றால் அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும், அவருடைய தொலைபேசி எண்ணும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது, இது இல்லாமல் ஓரமாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் ஆன குடும்பங்களை எனக்குத் தெரியும். தூங்கி வழிகிற மூன்று வயதுப் பிள்ளையோடு அப்படி உட்காருவது கொடுமை.

அப்புறம் இன்னொரு சிக்கல், பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது. விசாவிலும் டிக்கெட்டிலும் அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள் என்பது என் கருத்து. எதைப் போடுவது என்பது உங்கள் வீட்டு விஷயம்.

வீட்டில் பாதிப் பேருக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பாதிப் பேருக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்றால் என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். அவருடைய கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வளர்ந்தவர். ஈ-கேட்டுக்குக் குறைந்தபட்ச வயது உண்டு. அந்த வயதை எட்டிய பிள்ளைகளும் 12 வயதுக்குக் கீழே என்றால் பெரியவரோடுதான் போக முடியும். குறைந்தபட்ச வயதுக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எப்படியும் ஆள் இருக்கும் கவுன்டர்தான். வரிசை பிரியும் இடத்தில் நிற்கும் ஊழியரிடம் "நாங்கள் ஒரே குடும்பம், எந்தப் பக்கம் போகலாம்?" என்று கேளுங்கள். பல நேரம் சேர்ந்தே ஒரு பக்கம் அனுப்புவார்கள், எந்தப் பக்கம் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. கணவர் முன்னால் போய்ப் பெட்டி எடுக்கிறேன் என்று பிரிந்து போவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே ஏதாவது கேள்வி வந்தால் அவர் திரும்பி வர முடியாது. இலங்கை, பிரிட்டன் இரண்டு குடியுரிமையும் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: 2026 பிப்ரவரி 25 முதல் பிரிட்டனுக்குப் புறப்படும்போது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையோ அதற்கான உரிமைச் சான்றையோ காட்ட வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று இருக்காதீர்கள்.

அப்பா அம்மா வருகைக்கு வருகிறார்கள் என்றால், அவர்கள் கையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். யார் வீட்டுக்கு, எத்தனை நாள், முகவரி, உங்கள் எண், திரும்பும் டிக்கெட் தேதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேளுங்கள். நன்றாக நடக்கிறவர்களுக்கு வரிசையைத் தாண்டுவதற்காகக் கேட்பது எனக்குப் பிடிக்காது. நம் ஊர் விமானங்களில் அந்த உதவிக்கே இப்போது தனி வரிசை நிற்கிறது, உண்மையில் முடியாதவர்கள்தான் காத்திருக்கிறார்கள்.

வந்து சில மாதத்தில் எல்லோருக்கும் பாரிஸ் ஆசை வரும். பிரிட்டன் விசா அங்கே செல்லாது, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். தெரியாதது, யூரோஸ்டார் ரயிலில் போனால் பிரெஞ்சுச் சோதனை லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே நடக்கும், திரும்பும்போது பிரிட்டன் சோதனை பாரிஸிலேயே நடக்கும் என்பது. ஆகவே ரயில் நேரத்துக்கு அரை மணி முன்னால் போனால் போதும் என்று நினைக்காதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகள் இஇஎஸ் என்ற பதிவு முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தன. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் நான்கு விரல் ரேகையும் எடுப்பார்கள். குறுகிய கால ஷெங்கன் விசா வாங்கிப் போகிற நமக்கு ரேகை ஏற்கெனவே விசா பதிவில் இருப்பதால் அதைப் புதிதாகச் சேமிப்பதில்லை, முகப்படம் எடுப்பார்கள். முதல் தடவை பதிவுக்கு நேரமாகும். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கை இனி கணினியே வைத்திருக்கும் என்பதால், முத்திரை மங்கலாக இருக்கிறது என்ற சமாளிப்பு எடுபடாது. அயர்லாந்து இந்த முறையில் இல்லை. ஆனால் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டப்ளினுக்குப் பேருந்தில் போகும்போது சோதனைச் சாவடி இல்லை என்பதை விசா தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டன் மாணவர் விசாவில் இருக்கும் இந்தியருக்கு அயர்லாந்து விசா வேண்டும்.

கடைசியாகச் சென்னை. இந்தியப் பாஸ்போர்ட்காரருக்குக் குடிமக்கள் வரிசை கிடைக்கும் ஊர். அதுவும் சும்மா இல்லை, வளைகுடா விமானங்களும் சிங்கப்பூர் விமானங்களும் சேர்ந்து இறங்கும் நள்ளிரவில் போய்ப் பாருங்கள். இதற்கு ஒரு நல்ல வழி வந்திருக்கிறது, நம் ஆட்கள் பலர் இன்னும் பயன்படுத்தவில்லை: எஃப்டிஐ-டிடிபி என்ற விரைவு இமிக்ரேஷன் திட்டம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. அனுமதி வந்ததும் விமான நிலையத்திலோ வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ ரேகையும் முகமும் கொடுக்க வேண்டும். 5 வருடம் அல்லது பாஸ்போர்ட் முடியும் நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். பாஸ்போர்ட் முடிய ஒரு வருடம்தான் இருக்கிறது என்றால், புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

பின்னாளில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினால் ஹீத்ரோவில் கேட் திறக்கும், சென்னையில் நிலை மாறும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஓசிஐ வரும்வரை விசா எடுத்துத்தான் ஊருக்குப் போக வேண்டும். விசாவில் போகிறவர்கள் 2025 அக்டோபர் 1 முதல் ஈ-அரைவல் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். ஓசிஐ விண்ணப்பத்துக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று உறுதி சொல்ல முடியாததால், தம்பி கல்யாணமோ தங்கை கல்யாணமோ நிச்சயமாகியிருக்கும் வருடத்தில் குடியுரிமை விழாவுக்குத் தேதி எடுப்பதற்கு முன் நாள்காட்டியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.