கருமணல் கரையும் புற்றுநோயும்: மண்ணின் பங்கையும் மரபணுவின் பங்கையும் தரவில் பிரிக்க முடியுமா?

கேள்வி (குளச்சல் மாணவி):
அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் முதுநிலைப் புள்ளியியல் படித்து வருகிறேன். மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் பகுதிக் கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருப்பதும், அதிலுள்ள தோரியத்தால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதும் நாம் அறிந்ததே. ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டால், மணல்தான் காரணம் என்று ஒரு சாராரும், அது அந்தக் குடும்பத்து வாகு என்று மறு சாராரும் பேசுவார்கள். கடற்கரை ஊர்களையும் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து ஊர்களையும் ஒப்பிட்டு, ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் கணினி முறை) மாதிரியின் மூலம் எது முதன்மைக் காரணம் என்று காட்ட விரும்புகிறேன். இந்த வழி சரிதானா?

பதில் 1 (புள்ளியியல் ஆசிரியர்):
கேள்வி நல்லது, ஒப்பீடுதான் தவறான இடத்தில் இருக்கிறது. கரையிலிருந்து ரப்பர் தோட்டப் பக்கம் போகும்போது மணல் மட்டுமா மாறுகிறது? தொழில், உணவு, புகையிலைப் பழக்கம், தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் சமூகங்கள் ஆகிய எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. இப்படிப் பின்னிக்கிடக்கும் காரணிகளை ரேண்டம் ஃபாரஸ்டிடம் கொடுத்தால், அது யாருக்கு நோய் வரலாம் என்று ஓரளவு கணிக்கும். எதனால் வந்தது என்று சொல்லாது.

கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த ஆய்வைப் பாருங்கள். அங்கும் மோனசைட் கரைதான். வீட்டுக்கு உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்து, ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் நேரத்தையும் கணக்கிட்டு, ஆளுக்கு ஆள் அளவை மதிப்பிட்டார்கள். சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட முடிவில், கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அத்தனை பேரில் கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் 1,379 மட்டுமே. நாலைந்து ஊர்களின் எண்ணிக்கையை வைத்து நீங்கள் எவ்வளவு சொல்ல முடியும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பதில் 2 (மரபியல் ஆய்வாளர்):
குடும்பத்து வாகு என்பதை உடனே மரபணு என்று எழுதிவிட வேண்டாம். ஒரு குடும்பம் மரபணுவோடு கிணறு, அடுக்களைப் புகை, வெற்றிலைச் செல்லம் எல்லாவற்றையும்தான் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் அகமணத்தின் (சமூகத்துக்குள்ளேயே மணம் செய்வதன்) பங்கையும் தள்ளிவிட முடியாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களில் 81இல், ஒரு சில மூதாதையரிலிருந்து பெருகியதன் மரபணுத் தடயம் பின்லாந்து மக்களிடம் இருப்பதைவிட வலுவாக இருப்பதாகக் காட்டியது. ஐரோப்பியரை வைத்து உருவாக்கிய மரபணு இடர் மதிப்பெண்களை (பல மரபணு வேறுபாடுகளைக் கூட்டி நோய் வரும் வாய்ப்பை மதிப்பிடும் எண்களை) நம் ஊரில் அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இத்தகைய வேறுபாடுகளே காரணம்.

உங்களுக்கு ஏற்ற வழி உடன்பிறந்தோரை ஒப்பிடுவது என்பேன். உடன்பிறந்த அக்காள் தங்கையரில் ஒருவர் கரையிலேயே வாழ்க்கைப்பட்டிருப்பார். மற்றவர் மணல் குறைந்த ஊருக்குப் போயிருப்பார். சராசரியாக மரபணுவில் பாதியும் பிள்ளைப் பருவமும் இருவருக்கும் பொதுவாக இருப்பதால், சமூக வேறுபாடு பெருமளவு தானாகவே விலகிவிடும்.

பதில் 3 (மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர்):
மாதிரிக்கு முன்னால் பதிவேட்டைக் கவனியுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து நோயாளிகள் பலர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறார்கள். உள்ளூர் மருத்துவமனைக் கணக்கை மட்டும் எடுத்தால், கேரள எல்லைக்கு அருகிலுள்ள ஊர்களில் நோயே குறைவு என்ற பொய்த் தோற்றம் கிடைக்கும்.

இரண்டு பதிவேடுகளை இணைப்பதும் லேசல்ல. குறும்பனை என்ற ஒரே ஊரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். முகவரிக் கட்டத்தில் சிலர் வருவாய்க் கிராமத்தையும், சிலர் தேவாலயப் பங்கின் பெயரையும், சிலர் அன்பியத்தின் (பங்குக்குள் உள்ள சிறு குடும்பக் குழுவின்) பெயரையும் கொடுத்திருப்பார்கள். இன்னொன்று: சிறிய ஊரில் வயது, பால், நோய் ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிட்டால், பெயரை நீக்கியும் பயனில்லை, ஆள் யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகவே நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலில் பெறுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சகோதரிகளை ஒப்பிடும் வடிவத்தையே வழிகாட்டியிடம் முன்வைக்கிறேன். மணமாகிப் போவதற்கு முன் இருவரும் கரையில் கழித்த ஆண்டுகளை எப்படிக் கணக்கில் எடுப்பது?

பதில் 1 (புள்ளியியல் ஆசிரியர்):
இருந்த ஊர்களையும் ஆண்டுகளையும் வரிசையாகக் கேட்டு எழுதி, ஒவ்வொரு வீட்டின் கதிர்வீச்சு அளவையும் அங்கே இருந்த ஆண்டுகளால் பெருக்கிக் கூட்டுங்கள். கட்டிப் புற்றுநோய்கள் (இரத்தப் புற்றுநோய் போன்றவை அல்லாதவை) உருவாகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அவற்றுக்கு நோய் கண்டறிவதற்கு முந்தைய 10 ஆண்டுகளின் அளவைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதே கதிர்வீச்சு ஆய்வுகளில் வழக்கம். அதன்படி பார்த்தால், மணமாகிச் சில ஆண்டுகளே ஆன இளம்பெண்களை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பதால் பயன் அதிகம் இராது.