சூடானா மட்டும் கிளட்ச் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது

டர்போபித்தன்: 2 லிட்டர் டர்போ, மேனுவல், 68,000 கி.மீ. போன ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஏழாவது சுற்றில் பெடல் தொளதொளன்னு ஆயிடுச்சு. மூணாவது கியர் போட்டா கறகறன்னு சத்தம். ரெண்டு தடவை பம்ப் பண்ணினா கெட்டியாகுது, ஆறினதும் சரியாயிடுது. மெக்கானிக் கிளட்ச் பிளேட் மாத்தணும்கிறார். எனக்கு மனசு ஒப்பலை.

பட்டறைக்காரன்: பிளேட்டைத் தொடாதீங்க தம்பி. பிளேட் தேஞ்சா வழுக்கும். ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. பம்ப் பண்ணி கெட்டியானா, பெடல் அழுத்தத்தை கிளட்சுக்குக் கடத்துற ஃப்ளூயிட் லைன்ல காற்று, இல்லேன்னா ஃப்ளூயிட் கொதிச்சு ஆவி. டாட் 4 ரக ஃப்ளூயிட் புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கும். ஈரம் இழுத்துட்டா 155 வரைக்கும் இறங்கிடும். சமதளத்துல முதல் கியர்ல கிளட்சை அமுக்கியே வைங்க. வண்டி மெல்ல ஊர்ந்தா பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரோட ரப்பர் சீலையும் பாருங்க.

மலைப்பாதை: ரப்பர் ஹோஸையும் பாருங்க. ஒருத்தர் பெடலை மிதிக்கட்டும், நீங்க ஹோஸைக் கையால பிடிங்க. உப்பினா அதான்.

டர்போபித்தன்: அண்ணா, ரொம்ப நன்றி! வண்டி ஊரலை. ஃப்ளூயிட் காபி டிகாக்‌ஷன் நிறத்துல வந்துச்சு, நாலு வருஷமா மாத்தவே இல்லை. டர்போ பக்கமா போற ஹோஸ் நல்லாவே உப்புச்சு. ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டு, கிளட்ச் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரோட காற்று எடுக்கிற நிப்பிள் வழியா சிரிஞ்சால கீழிருந்து மேலே புது ஃப்ளூயிட் ஏத்தினேன். குமிழ் தானா மேலே வந்துடுது. பிரேக்குக்கும் மேலே இருக்கிற அதே ஃப்ளூயிட் டப்பாதான், அதனால நிரம்பி வழியாம பார்த்துக்கோங்க, பெயின்ட்டைத் தின்னுடும். நேத்து இருபது சுற்று, பெடல் கல்லு மாதிரி நிக்குது.