கோழி மேயும் முற்றத்தில் குருவிக்கும் தீனி: வேலூர்ப் பக்கத்து ஐந்து ஊர்க்காரர்களின் அனுபவங்கள்

சத்துவாச்சாரி

எங்கள் வீட்டில் குருவி முந்தியது, கோழி பிந்தியது. அறுவடை முடிந்ததும் ஒடுகத்தூரிலிருந்து மாமியாரின் அண்ணன் நெற்கதிர்க் கொத்து கொண்டுவந்து தாழ்வாரத்தில் கட்டிவிடுவார். சிட்டுக்குருவிகள் அதில் தொங்கிக்கொண்டு கொறிக்கும். பிறகு பொய்கைச் செவ்வாய்ச் சந்தையில் சிறுவிடைக் கோழிகள் வாங்கினோம். குருவி உதிர்த்த நெல்லைக் கோழி பொறுக்கிக்கொள்ளும். ஒரு மணி வீணாகாது என்பதில் மாமியாருக்குப் பரம திருப்தி.

நான் சொல்ல வந்தது வல்லூற்றைப் பற்றி. ஒரு பிற்பகலில் முருங்கை மரத்தில் இருந்த தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரேயடியாகக் கத்த ஆரம்பித்தது. சேவல் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தது. தொண்டைக்குள்ளிருந்து நீளமாக ஓர் ஒலி எழுப்பியது. குஞ்சுகள் துளசி மாடத்தின் அடியில் போய் ஒட்டிக்கொண்டன. எல்லாம் இரண்டு மூச்சுக்குள். நான் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வல்லூறு என் தோளுயரத்தில் குறுக்கே போய்க் கதிர்க் கொத்திலிருந்து ஒரு குருவியைப் பறித்துவிட்டது. புறா அளவுதான் இருக்கும். எதிர்ச்சுவரில் உட்கார்ந்து, மஞ்சள் காலால் அழுத்திக்கொண்டு, சிறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காற்றில் விட்டது. நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்த கண் மட்டும் அப்படி ஒரு செம்மை. நான் கை தட்டியதை அது ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

அதன் பிறகு அதற்கு எங்கள் வீட்டு விலாசம் தெரிந்துவிட்டது. குஞ்சுகள் கொஞ்சம் தேறும்வரை கூடைக்கடியில்தான் விடுகிறோம். கதிர்க் கொத்தைத் தாழ்வாரத்தின் உள்பக்கமாக, பறந்து வந்து பாய இடமில்லாத மூலைக்கு மாற்றினோம். ஆனாலும் குருவிகளை விரட்ட மாட்டேன். அன்றைக்குத் தவிட்டுக்குருவி கத்தாமல் இருந்திருந்தால் சேவலுக்கே விஷயம் தெரிந்திருக்காது.

குடியாத்தம்

அக்கா, நீங்கள் சொல்வது கேட்க அழகாக இருக்கிறது. எங்கள் தெருவில் நடந்ததைக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் கம்பு இறைத்தார். சிட்டுக்குருவிக்கென்றுதான் இறைத்தார். வந்தது முழுக்க மாடப்புறா. எச்சம் கூரைத் தகட்டில் வழிந்து கீழே கோழித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அந்தக் கோடையில் அவர் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு, இறக்கை தொங்கல். பிழைத்த கோழியும் கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமடித்தது. தீனியைக் கொத்தப் போனால் அலகு ஒரு விரற்கடை தள்ளித் தரையில் விழும். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புறாதான் கொண்டுவந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் பறவைத் தீனி கிடையாது. கோழி வேண்டுமா, குருவி வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ராணிப்பேட்டை

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

குடியாத்தத்துத் தம்பி புறாவைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. இந்த நோய்க் கிருமி புறாவுக்கும் வரும். ஆனால் நான் பார்த்தவரை ஒரு வீட்டுக்குள் நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் சந்தையிலிருந்து கையில் பிடித்து வந்த புதுக் கோழிதான், இல்லையென்றால் நோய் கண்ட வீட்டுக்குப் போய்வந்த நம் செருப்பு. குருவி அந்த வரிசையில் கடைசி. புதுக் கோழியை மூன்று வாரம் தனியாக அடைத்து வையுங்கள் என்று சொன்னால் "இடமேது ஐயா" என்பார்கள். அவர்களே குருவியைத் திட்டுவார்கள்.

தடுப்பு மருந்துக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. இந்த வெள்ளைக்கழிச்சலுக்கான மருந்து அங்கேயே தயாராகிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் தோலுக்கடியில் ஊசி. பிப்ரவரி மாதத்தில் அரசு இரண்டு வார முகாம் நடத்துகிறது. நாட்டுக்கோழிக்கு இலவசம். மருந்தை வீட்டுக்கு எடுத்துப் போவதானால் ஐஸோடு எடுத்துப் போங்கள். நம் வெயிலில் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோனால் வெறும் தண்ணீரைத்தான் ஊசியாகப் போடுவீர்கள். கலக்கிய குப்பியை மாலைவரை வைத்திருக்கவும் கூடாது. ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும் என்பதால் தெருவே சேர்ந்து போட்டுக்கொள்வது நல்லது. ஏற்கெனவே நோய் கண்ட கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை.

பறவைக்கு வைக்கும் தண்ணீர்தான் எனக்குக் கவலை. அக்கினி நட்சத்திரத்தில் மண் சட்டியில் தண்ணீர் வைப்பது புண்ணியம்தான், நானும் வைக்கிறேன். சட்டியைக் கோழி எட்டாத உயரத்தில் வையுங்கள். கோழி மேயும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு சட்டியில் ஊற்றுங்கள். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தில் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தபோது நான் சட்டியையும் தீனித் தட்டையும் இறக்கிவிட்டேன். அடங்கிய பிறகு மறுபடி ஏற்றினேன். அப்படிச் சமயம் பார்த்து நடந்துகொண்டால் போதும், தம்பி. ஒன்றை ஒழிக்க வேண்டியதில்லை.

பாகாயம்

நோயைப் பற்றியே பேசுகிறீர்கள், எலியைப் பற்றி யாரும் பேசவில்லையே. இரவில் கீழே கிடக்கும் தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குச் சாரைப்பாம்பு வந்தது, சாரை முட்டையைக் கண்டுகொண்டது. இப்போது நொய்யைக் காலையில் ஒரு கைப்பிடிதான் வைக்கிறேன். பத்து மணிக்குள் தீர்ந்துவிட வேண்டும். மிச்சத்தைக் கோழியை விட்டுப் பொறுக்க வைத்துவிடுவேன்.

அணைக்கட்டு

எங்கள் நிலம் மலையடிவாரம். இங்கே சிட்டுக்குருவிக் கதையெல்லாம் இல்லை, மயில்தான். காலையில் கோழிக்குக் கேழ்வரகு தூவினால் முதல் பந்தியில் உட்காருவது மயில். சேவல் ஒரு முறை சிலிர்த்துக்கொண்டு போய் நின்றது. மயில் ஒன்றும் செய்யவில்லை, கழுத்தை மட்டும் நிமிர்த்தியது. சேவல் ஏதோ வேறு வேலை ஞாபகம் வந்த அரசு ஊழியர் மாதிரி திரும்பி நடந்துவிட்டது.

காவலுக்கு எங்களுக்குக் கரிச்சான் இருக்கிறது. கோடையில் புங்க மரத்தில் கூடு கட்டும். அந்த நாட்களில் காகமோ பருந்தோ மரத்தைத் தாண்டிப் போக முடியாது, முதுகில் ஏறிக் கொத்தும். அதன் குஞ்சுக்காகத்தான் சண்டை போடுகிறது, லாபம் என் கோழிக்குஞ்சுக்கு. முடிந்தவரை அந்தக் கெடுவுக்குள் குஞ்சு பொரிக்கிற மாதிரி அடை வைக்கிறேன்.

ராணிப்பேட்டை ஐயாவிடம் ஒரு கேள்வி. மயிலிடமிருந்து கோழிக்குப் பேன் ஏறுமா? கோழிகள் இப்போது ஓயாமல் உடம்பைக் கோதுகின்றன. என் தம்பி கண்ணி வைத்து மயிலைப் பிடித்துவிடலாம் என்கிறான்.

ராணிப்பேட்டை

தம்பியை முதலில் தடுத்து நிறுத்துங்கள். வனவிலங்குச் சட்டத்தில் மயிலுக்கு உச்சப் பாதுகாப்பு. கண்ணியோடு பிடிபட்டால் ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பேன் ஏறலாம். கோழி மண் குளிக்கும் குழியைப் போய்ப் பாருங்கள். அதில் மயில் இறகு கிடந்தால் இரண்டும் ஒரே குழியில் புரளுகின்றன என்று அர்த்தம். அந்தக் குழியை மூடிவிட்டுக் கோழிக் கொட்டகைக்கு உள்ளேயே கூரைக்குக் கீழ் வேறு குழி தோண்டி, மணலோடு விறகுச் சாம்பலைக் கலந்து போடுங்கள். இரவு டார்ச் எடுத்துப் போய் அடையும் கழியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சிவப்பாகப் புள்ளி புள்ளியாக நகர்ந்தால் அது மயில் கொடுத்த பேன் அல்ல, கழியின் இடுக்கிலேயே குடியிருந்து இரவில் ரத்தம் குடிக்கும் செள். அதற்குக் கழியை மாற்ற வேண்டும்.