12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் 1000 வாட்ஸா?

மன்னார்குடி மைக்செட்:
குடந்தைத் தம்பி நேற்று, "பன்னிரண்டாயிரத்தில் 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) அசெம்பிள் செய்துவிட்டேன், மொத்தம் 1000 வாட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, 5 ஆம்ப்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 12-0-12 என்றால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 12 வோல்ட், ஆக 24. அந்த 24-ஐ 5 ஆம்ப்பால் பெருக்கினால் 120 வாட்ஸ். உள்ளே போவதே 120 என்றால் வெளியே 1000 எங்கிருந்து வரும்? இதை நம்பி நாலு பேர் காசைக் கொட்டுவார்கள்.

குடந்தை பாஸ்:
அண்ணே, போர்டு விற்றவரே 1000 என்றுதான் சொன்னார். கூடத்தில் பாட்டுப் போட்டால் திண்ணையில் இருக்கிற சொம்புத் தண்ணீர் நடுங்குகிறது. அதை நம்பவா, உங்கள் வாய்ப்பாட்டை நம்பவா?

மன்னார்குடி மைக்செட்:
சொம்புத் தண்ணீர் நடுங்க 30 வாட்ஸ் போதும். 120 தம்பி, 120.

திருவாரூர் தவில்:
பி.எம்.பி.ஓ. வேறு, ஆர்.எம்.எஸ். வேறு. ஒன்று அட்டைப்பெட்டியில் அச்சடிக்கிற கணக்கு, மற்றது தொடர்ந்து தாங்குகிற கணக்கு. இரண்டு பேரும் எந்த வாட்ஸைப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

குடந்தை பாஸ்:
வாட்ஸ் என்றால் வாட்ஸ்தான். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர், 10,000 மைக்ரோஃபேரட்டில் இரண்டு போட்டிருக்கிறேன். பேஸ் அடி விழும்போது மிச்சத்தை அது கொடுக்கும்.

மன்னார்குடி மைக்செட்:
கொடுக்கும், எவ்வளவு நேரம்? 12 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் பக்கத்துக்கு 16 வோல்ட். இரண்டு கெப்பாசிட்டரும் சேர்ந்து இரண்டரை ஜூல். 1000 வாட்ஸ் எடுத்தால் இரண்டரை மில்லிசெகண்டில் காலி. 40 ஹெர்ட்ஸ் அடி ஒரு சுற்று முடியவே 25 மில்லிசெகண்ட் ஆகும். அதுவும் 16 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், ஒரு சேனலுக்கு 32 வாட்ஸைத் தாண்டவே தாண்டாது. முப்பது வருடமாகத் திருவிழாவுக்கு ஆம்ப் தூக்குகிறவன் சொல்கிறேன்.

நாகை உப்புக்காற்று:
வாட்ஸை விடுங்கள். சப்வூஃபர் பெட்டியை எம்.டி.எஃப்.பில், அதான் மரநாரை அழுத்திச் செய்கிற பலகையில், செய்துவிடாதீர்கள். என்னுடையது ஒரே ஐப்பசி மழையில் அடிப்பக்கம் ஊதி, ஓரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. 18 மில்லிமீட்டர் பிளைவுட்தான் நிற்கும்.

குடந்தை பாஸ்:
எம்.டி.எஃப்.பில் ஒரு குறையும் இல்லை. நாகப்பட்டினத்தில் எதுதான் ஊறாது?

நாகை உப்புக்காற்று:
ஊரை இழுக்காதே தம்பி. மகாமகக் குளத்துப் பக்கம் மட்டும் ஈரம் கிடையாதா?

தஞ்சை மேலவீதி:
பட்ஜெட் என்றால் சென்டர் ஸ்பீக்கருக்கு முதலில் செலவழியுங்கள். வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. பின் ஸ்பீக்கர் இரண்டும் சுமாராக இருந்தாலும் போதும், உட்காருகிற இடத்துக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி வைத்தால் சரி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற பேஸை சப்வூஃபருக்குப் பிரித்துவிடுங்கள்.

மன்னார்குடி மைக்செட்:
சென்டர் எல்லாம் அப்புறம். அந்த 1000-க்குப் பதில் வரட்டும். குறுவைக்கு மோட்டார் ஓடும்போது எங்கள் பக்கம் 230 வரவேண்டிய இடத்தில் 180 வருகிறது. அப்போது உங்கள் 12 வோல்ட்டும் 9 சொச்சம்தான்.

குடந்தை பாஸ்:
எங்கள் தெருவில் வோல்டேஜ் சுத்தமாக வருகிறது. அண்ணனுக்குக் கோபம் வாட்ஸில் இல்லை. போன தை மாதம் எங்கள் கோயில் விசேஷத்துக்கு அவர் செட்டை வேண்டாம் என்றோமே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மன்னார்குடி மைக்செட்:
வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறொருவர் செட்டைக் கட்டினீர்கள், நாதஸ்வரம் கேட்டதா? ஹார்ன் இரைச்சல்தான் கேட்டது என்று உங்கள் தெருக்காரர்களே சொன்னார்கள். அது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரோடு வருகிறேன். 1000 வாட்ஸ் என்றால் 230 வோல்ட் லைனில் கரண்ட் 4 ஆம்ப்புக்கு மேல் காட்ட வேண்டும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் அளவுக்கு அரை ஆம்ப்தான் காட்டும்.

திருவாரூர் தவில்:
எந்த வாட்ஸ் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

குடந்தை பாஸ்:
தாராளமாக வாருங்கள் அண்ணே, டிகிரி காபி போட்டுத் தருகிறேன். மீட்டர் எதைக் காட்டினாலும் அது 1000 வாட்ஸ்தான்.

மன்னார்குடி மைக்செட்:
120.