சுகப்பிரசவம் என்று பெயர் வைத்தது யார்?

மூத்தவன் சுகப்பிரசவம், இளையவள் சிசேரியன். இரண்டையும் பட்டவள் என்பதால் தெருவில் யார் உண்டாகியிருந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள், "எது அக்கா லேசு?" என்று.

மூத்தவனுக்குப் பிள்ளை வரும் வழியில் கத்திரி வைத்துத் தைத்திருந்தார்கள். தானாகக் கரையும் தையல், இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்றார்கள். பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தவர்களெல்லாம் "சுகப்பிரசவம்தானே, பிறகென்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானோ ஒரு பக்கத் தொடையில் பாரத்தைப் போட்டுச் சரிந்து உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன்.

இதில் ஆச்சியின் காவல் வேறு. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடுமாம். நாளுக்கு இரண்டு டம்ளர் சுக்கு வெந்நீர், அவ்வளவுதான். பூண்டுக் குழம்புக்கும் காயத்துக்கும் மட்டும் குறைவில்லை. (வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். காயம் என்பது மருந்துச் சரக்குகளை இடித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டுவது. எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.) பால் சுரக்கும் உடம்புக்குத் தண்ணீர் போதாவிட்டால் மலம் கட்டும். தையலோடு முக்கினால் எப்படியிருக்கும் என்பதை நான்காம் நாள் கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த செவிலியர் ஒரு சொம்புத் தண்ணீரை ஆச்சி பார்க்கவே என்னைக் குடிக்க வைத்தார். அவர் பேச்சை எடுத்தாலே ஆச்சிக்கு ஒரு வாரம் முகம் சுருங்கியது.

சிசேரியனில் உட்காருவதற்குக் கஷ்டமில்லை. எழுந்திருப்பதுதான் பாடு. ஒருக்களித்துப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றித்தான் எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன். ஆறு வாரம் குடம் தூக்கவில்லை. அத்தை ஒருத்தி "வலியே படாமல் பெற்றுவிட்டாய்" என்றாள். தையலைச் சுற்றி இப்போதும் தொட்டால் மரத்துத்தான் இருக்கிறது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருத்தி சொன்னது:

எனக்கு ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஊரில் இதையும் சுகப்பிரசவக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதன்பிறகு தும்மினால் துளி சிறுநீர் போய்விடும். நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் உள்ளே துணி வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் என் மயினிதான் கண்டுபிடித்தாள், அவளுக்கும் அப்படி இருந்ததாம்! மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி விட வேண்டும். அரிசி களையும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் செய்தேன். மூன்று மாதத்தில் நன்றாகக் குறைந்தது.

வள்ளியூரிலிருந்து இன்னொருத்தி சொன்னது:

நான் பிள்ளை பெற்றவளின் அம்மா. என் மகளுக்குத் தையல் எல்லாம் நன்றாக ஆறியது. முதல் வாரம் அழுதாள், பத்துப் பதினைந்து நாளில் சரியாகும் என்றார்கள். ஐந்தாம் வாரமும் விளக்கு வைக்கும் நேரமானால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். காற்றுக் கருப்பு என்று கயிறு மந்திரித்துக் கட்டினோம், நான்தான் கட்டினேன். பிறகு மருத்துவரிடம் கூட்டிப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை தூங்கும்போதாவது நீ தூங்குகிறாயா?" என்பது. அவள் இல்லையென்று தலையாட்டினாள். ஒரே அறையில் படுத்திருந்தும் எனக்கு அது தெரியவில்லை. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைதான் எழுதித் தந்தார். இரவில் ஒரு தடவை பிள்ளையை நான் எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன். கயிறு இன்னும் அவள் கையில்தான் கிடக்கிறது, அவிழ்க்க மறந்துவிட்டோம்.