மறு: ஓட்கேக், கர்டில், ஃபார்ல் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

ஸ்காட்லாந்து ரொட்டிகளின் பெயர்களைப் பற்றி நேற்று வந்த மடல்களை எல்லாம் படித்தேன். ஓட்ஸில் சுடும் தட்டை ரொட்டியான ஓட்கேக்குக்கு 'ஓட்ஸ் பிஸ்கட்', 'ஓட்ஸ் கேக்', 'ஓட்ஸ் அடை' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் இரண்டு குளிர்காலம் அபர்தீனில் இருந்தவன். பக்கத்து வீட்டு அம்மா சுடுவதைப் பார்த்துப் பழகி, இன்றைக்கும் வீட்டில் சுடுகிறேன். அதனால் முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். சொல் அதிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு வட்டுக்கு 125 கிராம் ஓட்ஸ் ரவை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, உருக்கிய வெண்ணெய் அல்லது பன்றிக் கொழுப்பு 2 தேக்கரண்டி. நன்றாகச் சூடான வெந்நீரை மாவு கேட்கிற அளவுக்கு விட்டு, கையில் ஒட்டாத பதத்தில் பிசைய வேண்டும். கோதுமையில் இருக்கிற பசைத்தன்மை ஓட்ஸில் கிடையாது. ஆறினால் மாவு வெடித்துவிடும். அதனால் சூடு இருக்கும்போதே பலகையில் ரவை தூவி, அரை சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் வட்டமாகத் தேய்த்து, நாலாக வெட்டிக் கல்லில் போட வேண்டும். கல்லில் எண்ணெய் தடவுவதில்லை. ஓரம் மேல்நோக்கிச் சுருண்டதும் எடுத்துவிடலாம். திருப்பிப் போடும் வழக்கம் இல்லை. மேல்பக்கத்தைக் கணப்பு நெருப்புக்கு முன்னால் சாய்த்து நிறுத்தி, மொறுமொறுப்பாகும் வரை மெல்ல உலர்த்துவார்கள். ஸ்காட்ஸ் மொழியில் இதற்கு 'ஹார்ன்' என்று தனி வினையே இருக்கிறது. இப்போது நாம் மிதமான சூட்டில் ஓவனில் அரைமணி நேரம் வைத்தால் போதும்.

ஆக, இது ஒரு தடவை சுட்டு முடிக்கிற பண்டம் இல்லை. கல்லில் சுட்டு, அப்புறம் அனலில் வாட்டுகிறோம். வாழையிலையை வாட்டுகிறோம், வெற்றிலையை வாட்டுகிறோம். அதே 'வாட்டு'தான் இங்கேயும் நடக்கிறது. எனவே ஓட்கேக்குக்கு என் பரிந்துரை வாட்டடை. வாட்டு + அடை, வினைத்தொகை.

> பிஸ்கட் என்றாலே எல்லோருக்கும் புரியுமே. பாக்கெட்டில் அப்படித்தானே விற்கிறார்கள்?

ஐயா, உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பிஸ்கட் என்ற சொல்லுக்கே 'இருமுறை சுட்டது' என்றுதான் பொருள். ஆனால் தமிழில் பிஸ்கட் என்று எழுதினால் டீயில் தோய்க்கிற இனிப்பு பிஸ்கட்தான் நினைவுக்கு வரும். வாட்டடையைப் பாலாடைக்கட்டியோடும் புகையூட்டிய மீனோடும் சாப்பிடுகிறார்கள்.

'ஓட்ஸ் கேக்' நேரடியாகவே தப்பான படத்தைத் தருகிறது. அந்த நாட்டுக்கே 'கேக்குகளின் நாடு' என்று பழைய பட்டப்பெயர் உண்டு. ராபர்ட் பர்ன்ஸும் 1789-இல் ஒரு கவிதையில் அப்படியே விளிக்கிறார். அங்கே கேக் என்பது இந்த மொறுமொறு வட்டுதான். கிரீம் தடவிய கேக்கை நினைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் வரியின் பொருளே போய்விடும்.

> அடை என்றால் பருப்பு அரைத்து வார்ப்பதல்லவா? குழப்பம் வராதா?

வராது அம்மா. கேழ்வரகு அடையில் பருப்பு இல்லை. பிசைந்து கையால் தட்டிச் சுடுகிறோம். தேனடையில் மாவே இல்லை. தட்டையாகச் சேர்ந்திருப்பது என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் முன்பே இருக்கிறது. வார்ப்பது என்றால் தோசை. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரிலும் ஓட்கேக் என்று ஒன்று உண்டு. அது ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த மாவைக் கரைத்து மெத்தென்று வார்ப்பது. அதைத் தயங்காமல் 'ஓட்ஸ் தோசை' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ஒரே பெயரில் கிடந்து குழம்பும் இரண்டு பண்டங்கள் தமிழில் பிரிந்துவிடும். எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி.

அடுத்தது கர்டில். இதில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் இதே எழுத்துக்கூட்டில் இடுப்புக் கச்சையும் உண்டு. சமையல் குறிப்பில் வருவது 'கிரிடில்' என்பதன் ஸ்காட்ஸ் வடிவம். மேலே வளைந்த கைப்பிடி உள்ள கனத்த வட்ட இரும்புத் தட்டு. ஃபைஃப் பகுதியில் கூரஸ் என்ற ஊர்க் கொல்லர்கள் இதற்குப் பேர்போனவர்கள்; ஆறாம் ஜேம்ஸ் மன்னர் அவர்களுக்குத் தனியுரிமையே கொடுத்திருந்தார். அதற்கும் முன்னால், ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் சேணத்துக்கு அடியில் இரும்புத் தகடும் ஒரு பை ஓட்ஸ் மாவும் வைத்துக்கொண்டு போனதை 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார் எழுதியிருக்கிறார். இதற்குப் புதுச்சொல் எதற்கு? கல் போதும். இரும்பால் ஆனதை நாம் இன்னும் தோசைக்கல் என்றுதானே சொல்கிறோம். வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரும்புத் தட்டுக்கு 'பேக்ஸ்டோன்', அதாவது சுடுகல் என்றே பெயர். கல்லில் சுட்ட காலத்தை அவர்கள் சொல்லும் நம் சொல்லும் மறக்கவில்லை.

கல்லில் சுடும் இந்த ரொட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகக் கல்லடை சொல்லலாம். தனிக்குறில் முன் ஒற்று இரட்டியிருக்கிறது, இலக்கணமும் சரி. மசித்த உருளைக்கிழங்கில் கொஞ்சம் மாவு சேர்த்துத் தேய்த்துச் சுடும் 'டாட்டி ஸ்கோன்' உருளைக்கிழங்குக் கல்லடை ஆகும். ஆர்க்னித் தீவுகளில் 'பேர்' என்ற பழைய வாற்கோதுமை மாவில் சுடுவது வாற்கோதுமைக் கல்லடை. அந்த மாவை அதே தீவுகளில் உள்ள பர்சேயில் 1873-இல் கட்டிய நீராலை ஒன்று இன்னும் அரைக்கிறது. தட்டையான வட்ட ரொட்டிக்கு அங்கே சொல்லும் 'பேனக்' என்ற பெயரை மட்டும் எல்லா இடத்திலும் கல்லடை ஆக்க முடியாது. செல்கர்க் பேனக் என்பது உலர்திராட்சை போட்டு உப்பவைத்த பெரிய ரொட்டி. அங்கே ஊர்ப்பெயரோடு அப்படியே எழுதுவோம். 'பானக்' என்று எழுத வேண்டாம், பானகம் என்று படித்துவிடுவார்கள்.

ஃபார்ல் பற்றி ஒருவர் 'துண்டு' என்று எழுதியிருந்தார். அதைவிட நெருக்கமான சொல் நம்மிடம் இருக்கிறது. ஃபார்ல் என்பது 'ஃபார்டெல்' என்பதன் சுருக்கம். நாலில் ஒரு பங்கு என்று பொருள். கால், அரைக்கால், மாகாணி என்று எண்ணிய மொழிக்கு இது சிரமமா? கருப்பட்டியை வட்டு என்கிறோம். இதை கால்வட்டு என்போம்.

ஓட்மீலை, அதாவது அரைத்த ஓட்ஸை, 'ஓட்ஸ் மாவு' என்று மட்டும் எழுதினால் சுடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நைசானது மாவு, நடுத்தரம் ரவை, மிகப் பருமனானது குருணை. கடையில் தட்டையாக நசுக்கி விற்பது ஓட்ஸ் அவல். அவலை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டால் ரவைக்கு ஓரளவு ஈடாகும்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. 'ஸ்பர்டில்' என்பது கஞ்சி கிண்டும் மரக்குச்சி. அதற்குக் களி கிண்டும் துடுப்பு பொருந்துகிறது. ஆனால் கல்லில் இருந்து அடையை எடுக்கும் தட்டையான கருவிக்கும் அங்கே அதே பெயர் உண்டு. சட்டுவம் என்று போட நினைக்கிறேன். உங்கள் ஊரில் தோசை திருப்புவதற்கு என்ன பெயர் சொல்கிறீர்கள்? யாழ்ப்பாணத்து நண்பர்களும் எழுதுங்கள்.

அன்புடன்.