கோடம்பாக்கத்துக்கு இன்னும் ஒரு சாண்

குழு: நம்ம வீடு
ஞாயிறு

[பிற்பகல் 2:08] அத்தை: மாம்பலத்தில் புடவை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சம்பந்தி அம்மாவும் கூட இருக்கிறார்கள். அப்படியே 4 மணிக்கு உங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருகிறோம். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மாடி, கேசரியும் பஜ்ஜியும் போதும்.

[2:10] நான்: சரி அத்தை, வாங்க.

[2:11] நான்: (படம்)

[2:11] நான்: இதுதான் இப்போது எங்கள் ஹால்.

[2:12] நாத்தனார்: ஐயோ அண்ணி! என்ன அது, சோப்பு நுரையா?

[2:14] நான்: தெர்மோகோல். வாஷிங் மெஷினோடு வந்தது. பழைய பேப்பர்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பால்கனியில் கிடந்தது. பெரியவன் அதில் மெட்ரோ சுரங்கம் தோண்டுகிறான். பனகல் பார்க்கில் ஆரம்பித்துக் கோடம்பாக்கம் வரை. எவர்சில்வர் கரண்டிதான் இயந்திரம். அதற்குப் பெயர் மயில்.

[2:15] பெரியக்கா: மயிலா?

[2:16] நான்: நிஜமாகவே அங்கே தோண்டிய இயந்திரத்துக்கு அதுதான் பெயர் அக்கா. பெலிகன் என்று இன்னொன்று. அது சின்னவள் கையில், குழிக்கரண்டி.

[2:17] வீட்டுக்காரர்: விளையாடட்டும் விடு. இந்த வயதில்தான் கற்பனை வளரும்.

[2:17] நான்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

[2:18] வீட்டுக்காரர்: சலூன். எனக்கு முன்னால் 3 பேர்.

[2:18] பெரியக்கா: எங்கள் வீட்டிலும் இதே வசனம்தான். சொல்கிறவர் சோபாவில், கூட்டுகிறவள் தரையில்.

[2:20] பெரியக்கா: சரி, முதலில் ஃபேனை நிறுத்து. துடைப்பத்தைத் தொடாதே.

[2:21] நான்: தொட்டுவிட்டேன். இப்போது பாதி துடைப்பத்தில், பாதி என் நைட்டியில். உதறினால் போக மாட்டேன் என்கிறது. ஊதினால் ஒரு விரல்கடை நகர்ந்துவிட்டுத் திரும்ப வந்து ஒட்டுகிறது.

[2:23] பெரியக்கா: தேய்க்கத் தேய்க்க அதற்குள் மின்சாரம் ஏறும், சீப்பில் காகிதத் துண்டு ஒட்டுவதுபோல. மேலே கொஞ்சம் தண்ணீர் தெளி, பிழிந்த துணியால் ஒற்றி எடு. துணியைச் சிங்க்கில் அலசாதே, குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் அலசி வடிகட்டு, கவரில் கட்டிப் போடு.

[2:25] நாத்தனார்: மொத்தத்தையும் பால்கனியில் தள்ளிக் கதவைச் சாத்துங்கள் அண்ணி.

[2:27] நான்: சொன்னதற்கே இரண்டு பேரும் அழுகை. கோடம்பாக்கத்துக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கியாம். பாதியில் விட்டால் மேலே இருக்கும் வீடெல்லாம் இறங்கிவிடுமாம்.

[2:28] அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[2:29] நாத்தனார்: அம்மா, நீங்கள் அழிப்பதற்குள் படித்துவிட்டேன். என் மாமியார் வீட்டில் தலையணைகூடக் கோணலாக இருக்காது என்பது எனக்கே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதாதீர்கள்.

[2:33] பெரிய மாமா: குழந்தைகளைத் திட்டாதே அம்மா. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் நம் அடையாறுக்குத்தான் வந்தார். உலகப் போர் நடந்ததால் இத்தாலிக்காரரான அவரால் ஊர் திரும்ப முடியவில்லை, இங்கேயே பல வருடம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் குழந்தை முதலில் ஒரு பாயை விரிக்கும். வேண்டியதை எடுத்து வந்து அந்தப் பாய்க்குள்ளேயே செய்யும். முடிந்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டும். வேலை முடியாவிட்டால் அதை யாரும் கலைக்க மாட்டார்கள். 34 வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் சொல்கிறேன், சுத்தமும் விளையாட்டும் பகை இல்லை.

[2:36] நான்: எல்லாம் சரிதான் மாமா. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு 4 மணிக்குச் சம்பந்தி வர மாட்டார்களே.

[2:36] பெரியக்கா: 😂😂

[2:41] நான்: விளையாட்டாகச் சொல்லவில்லை மாமா. எனக்கு ஒன்றும் சுத்தப் பைத்தியம் கிடையாது. இது வாடகை வீடு. போன வீட்டில் பெரியவன் சுவர் முழுக்க கிரேயானில் ரயில் விட்டான். அங்கே டிஸ்டெம்பர் அடித்திருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்தேன், ரயிலோடு சுண்ணாம்பும் கையோடு வந்துவிட்டது. காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயிண்டுக்கென்று பிடித்துக்கொண்டார்கள். அன்றையிலிருந்து அவன் கையில் கலர் பென்சிலைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அவன் ரயில் நன்றாகத்தான் போட்டிருந்தான், ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அதை ஒரு போட்டோகூட எடுக்காமல் துடைத்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

[2:43] பெரியக்கா: இரும்பு பீரோவின் பக்கவாட்டைக் கொடுத்துவிடு. சாக்பீஸில் எழுதினால் துணியால் துடைத்தால் போதும். என் பெண் நாலாம் வகுப்பு வரை அதில்தான் டீச்சர் விளையாட்டு விளையாடினாள்.

[2:44] நாத்தனார்: பீரோ யோசனை நாளைக்கு. இப்போது மணி 2:44.

[2:46] பெரிய மாமா: பாய் இல்லாவிட்டால் போர்வை.

[2:46] நான்: என்ன மாமா?

[2:47] பெரிய மாமா: சுரங்கத்தை அப்படியே தூக்கிப் பழைய போர்வையில் வை. நாலு முனையையும் பிடித்து உள் அறைக்கு இழு. கோடம்பாக்கம் அங்கே வரட்டும்.

[2:49] நான்: இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஏங்க, முன்னால் இன்னும் எத்தனை பேர்?

[2:50] வீட்டுக்காரர்: ஒருத்தர்.

[2:50] நான்: முடி அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வளர்ந்துதான் இருக்கும். வாங்க.

[2:51] வீட்டுக்காரர்: 👍

[3:22] வீட்டுக்காரர்: (படம்)

[3:23] வீட்டுக்காரர்: போர்வையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. வழியில் ஒரு இடத்தில் விரிசல், பெரியவன் செல்லோடேப் ஒட்டிவிட்டான். ஹாலை ஒற்றி எடுப்பது நான். முட்டி வலிக்கிறது.

[3:24] பெரியக்கா: அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டு. குழந்தை படத்தை இல்லை, கொழுந்தனார் தரையில் உட்கார்ந்திருக்கும் படத்தை.

[3:25] நான்: சோபாவுக்கு அடியிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் அக்கா. கேசரிக்கு ரவை வறுத்தாயிற்று. பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவப் போகிறேன்.

[3:26] வீட்டுக்காரர்: சோபாவுக்கு அடியில் போன தீபாவளி மத்தாப்புக் கம்பி கிடக்கிறது.

[3:58] அத்தை: ஆட்டோ தெருமுனைக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்து வை.

[5:52] நாத்தனார்: என்ன ஆயிற்று? யாராவது சொல்லுங்கள்.

[6:05] அத்தை: கிளம்பிவிட்டோம். கேசரி நன்றாக இருந்தது, பஜ்ஜியில் உப்பு ஒரு கல் தூக்கல். வீடு பளிச்சென்று இருந்தது. உன் மாமியார் பாத்ரூம் போகிறேன் என்று உள் அறைப் பக்கம் போனார்கள், கால் மணி நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

[6:06] நாத்தனார்: என் மாமியாரா??

[6:07] நான்: கோடம்பாக்கம் 5:10-க்குத் திறந்தது. முதல் பயணி அவர்கள்தான். 20 ரூபாய் கொடுத்தார்களாம், பெரியவன் சில்லறை இல்லை என்று திருப்பித் தரவில்லை.

[6:11] அத்தை: அம்மாடி, ஒன்று. சம்பந்தி அம்மா பட்டுப் புடவையின் பின்கொசுவத்தில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. தட்டிவிடலாமா?

[6:11] பெரியக்கா: தட்டாதீர்கள் அத்தை!

[6:12] நான்: தட்டாதீர்கள் அத்தை!